யாருன்னு அவங்களுக்கே தெரியும்

"சந்தேகமே இல்லை. இந்தக் கழுதைக் குரல் என்னோடதுதான்" என்று சொல்லி, தையல்காரி போனைத் துணிக் குவியலின் மேல் போட்டாள்.

யூனிஃபார்மின் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்திருந்த நர்ஸ் திடுக்கிட்டாள். இருவரும் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். இப்போது சபையின் பாடகர் குழுவிலும் தோளோடு தோள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இவர்கள் இருவர், ஒரு பேக்கரிக்காரி, ஒரு நூலகத்துக்காரி என நான்கு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் கீபோர்டு அக்கா, அவ்வளவுதான்.

முந்தின நாள் ஒத்திகையைப் பதிவு செய்து அக்கா எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: "மூணாவது வரியில ஒரு குரல் படியில தடுக்கின மாதிரி விழுது. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கே தெரியும்."

"கேட்டியா? அவங்களுக்கே தெரியுமாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"போடி. உன் குரல் எங்க, இது எங்க? இது கட்டைக் குரல்."

"பதிவுல கேட்டா அவங்கவங்க குரல் அவங்களுக்கே வேற மாதிரிதான் இருக்கும். அதுவும் போனைக் கீபோர்டு மேலயே சாய்ச்சு வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. அது பொய் சொல்லுமா?"

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிரே இருந்தவளின் கண் கலங்கியதைப் பார்த்ததும், அளவு டேப்பை எடுத்துத் தன் விரலில் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

தையல்காரிக்கு வாரத்தில் குழுவோடு பாடும் அந்த அரை மணி நேரம்தான் வெளிச்சம். மற்ற நாளெல்லாம் ஊரார் இடுப்பையும் தோளையும் அளந்தே பொழுது போய்விடும். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மகன் டிவி சத்தத்தைக் கூட்டுவான், கணவர் "சாப்பாடு ஆச்சா?" என்பார். பாடும்போது மட்டும் ஆண்டவர் மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தன்னைக் கேட்கிறார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் இப்போது மண் விழுந்திருந்தது.

"குழுவுல இருந்து நின்னுடறேன். இந்த ஞாயிறு மட்டும் வாயை அசைச்சுட்டு இறங்கிடறேன்."

"ஆண்டவர் மனசைத்தான் பாக்கறாருடி, குரலை இல்ல."

"அவர் மனசைப் பாப்பார். சபை காதாலதானே கேக்கும்?"

ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிற நர்ஸ், அன்று அளவைக் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. நால்வரும் அங்கி அணிந்து வரிசையாக நின்றார்கள். 'ஆண்டவரே, இன்னைக்கு என்கிட்டருந்து உமக்கு வெறும் காத்துதான். மன்னிச்சுக்கும்' என்று தையல்காரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கீபோர்டு தொடங்கியது. அவள் வாயை அழகாகத் திறந்து அழகாக மூடினாள். சத்தமே இல்லாமல் பாடுவதில் தனக்கு இவ்வளவு திறமை உண்டு என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆனால் எதுவோ சரியில்லை. வழக்கமாகக் காதை நிறைக்கும் பாட்டைக் காணோம். கீபோர்டு கேட்டது, அதோடு ஒரே ஒரு குரல் கேட்டது. மூன்றாவது வரியில் அது தடுக்கி விழுந்தது.

அதே கட்டைக் குரல். அதே இடம்.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாயில் வெறும் காற்றுதான்; கழுதையோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அது தன் குரல் இல்லை! சந்தோஷம் தொண்டைவரை வந்தது, தொண்டையோடு நிற்கவில்லை. நான்காவது வரியை அவள் கூரையைப் பார்த்துப் பாடினாள்.

அடுத்த நொடி நர்ஸ் சேர்ந்துகொண்டாள். பிறகு பேக்கரிக்காரி, அவளுக்குப் பிறகு நூலகத்துக்காரி. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து, பின்னறையில் அங்கியைக் கழற்றும்போது தையல்காரி கேட்டாள். "ஏண்டி, மூணு வரி வரைக்கும் உன் சத்தத்தையே காணோம்?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தக் குரல் என்னோடதுன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கே உன்கிட்ட சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்ட."

"ஐயோ, அது நான்னுல்ல நான் நெனச்சேன்!" என்றாள் பேக்கரிக்காரி.

"நானும்தான்" என்றாள் நூலகத்துக்காரி. "சின்ன வயசுலயே என்னைப் பின்னால நின்னு மெதுவாப் பாடச் சொல்லுவாங்க."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சொன்னது சரிதான். யாரென்று நாலு பேருக்குமே தெரிந்திருக்கிறது. குறை என்று ஒன்று தெருவில் அநாதையாகக் கிடந்தாலும், ஓடிப்போய் எடுத்து மடியில் கட்டிக்கொள்வதில் பெண்களை மிஞ்ச ஆளில்லை. நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அங்கிகளைத் தரையில் போட்டுவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நாலு பேரும் சிரித்தார்கள்.

"சரி, அப்ப யாருதாண்டி அது?" என்றாள் தையல்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கதவு திறந்தது. முகமெல்லாம் பூரிப்பாகக் கீபோர்டு அக்கா உள்ளே வந்தார்.

"என்னம்மா, ஆரம்பத்துல நாலு பேரும் கப்சிப்புன்னு நின்னுட்டீங்க? நல்லவேளை, நான் பாடிச் சமாளிச்சேன்!"