புது மனுஷன்

திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் தணிகாசலத்திடம், சிதம்பரத்திலிருந்து வந்த மைத்துனன் வேணு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மாமா, உங்க பொண்ணு அருள்மொழி இப்ப புது மனுஷனோட வாழுறாளாம்."

"யாரு சொன்னது?"

"அவளேதான். பழைய மனுஷன் செத்துட்டாருன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றா. மேல கேக்க எனக்குக் கூச்சமாயிடுச்சு."

வேதக்கார மாப்பிள்ளை தேவநேசனை வீட்டுக்குள் விடவே தணிகாசலத்துக்கு நாலு வருஷம் ஆனது. குடிகாரன்தான். ஆனாலும் தாலி கட்டியவன். அவன் சாவுக்குக்கூடச் சொல்லியனுப்பாமல் இன்னொருத்தனா?

"அவளைத் தலைமுழுகிட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சிதம்பரத்தில் கதவைத் திறந்தது தேவநேசன்.

"வாங்க மாமா."

"நீ செத்துட்டதா சொன்னாங்க."

"ஆமாங்க மாமா."

அருள்மொழி உள்ளேயிருந்து வந்தாள். "எங்க சபையில அப்படித்தான்பா சொல்லுவோம். குடிச்சிட்டு அடிச்ச மனுஷன் செத்துட்டாரு. ஜெபத்துல மனசு புதுசாகி, இவரு வேற ஆளாயிட்டாரு."

"பேச்சுக்கு என்ன குறைச்சல்" என்றார் தணிகாசலம்.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். மேல்தட்டிலிருந்த டம்ளரை எடுக்க, தேவநேசன் அவள் தலைக்கு மேலே கையை ஓங்கி நீட்டினான். முன்பெல்லாம் அவன் கை அசைந்தாலே சுவரோரம் ஒண்டுகிறவள், நின்ற இடத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க, பழைய மாப்பிள்ளை நெசமாவே போயிட்டாரா?"

"போயிட்டான். துக்கம் கேக்க யாரும் வர வேணாம்னு சொல்லிடு."