தள்ளிப்போட்ட இரண்டு வருஷம்

மெத்தையைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டியபோதுகூட ஜோவாக்கிமுக்கு அழுகை வரவில்லை. அழுது தொலைத்திருந்தாலாவது தேவலை. ஒரே மகள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், இவருக்கோ பல் பிடுங்கப் போடும் ஊசியை உடம்பு முழுக்கப் போட்டாற்போல் மரத்துக் கிடந்தது.

நத்தாலியா பள்ளி முடித்த கையோடு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்க வேண்டியவள். கடற்கரை ஊரில் இடமும் கிடைத்திருந்தது. இவர்தான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"முதல் ரெண்டு வருஷம் இங்கயே கம்யூனிட்டி காலேஜ்ல படிம்மா. அப்புறம் நேரா மூணாவது வருஷத்துல போய்ச் சேர்ந்துக்கலாம். எப்படிப் படிச்சாலும் கடைசியில அதே டிகிரிதானே?"

செலவு குறையும், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னார். உண்மை என்னவென்றால், அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் பேசுகிற ஒரே ஆள் அவள். மனைவி லூர்தஸும் ஒரு காலத்தில் வாயோயாமல் பேசிக்கொண்டிருந்தவள்தான். எப்போது நிறுத்தினாள் என்பது அவருக்கு ஞாபகமில்லை. இத்தனை மாடுகளைக் கட்டி மேய்க்கிறவன் அதையெல்லாம் எங்கே கவனிக்க?

இரண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. இங்கே படித்த பாடங்களை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால்தான் மூன்றாம் வருஷத்தில் சேர முடியும். ஒன்றாவது தட்டிப்போகாதா, பிள்ளை இன்னும் அரை வருஷமாவது வீட்டில் இருக்க மாட்டாளா என்று ஜோவாக்கிம் சர்ச்சில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டார். பெற்ற அப்பன் வேண்டுகிற வேண்டுதலா இது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

புள்ளியியல் மட்டும் கொஞ்ச நாள் இழுத்தடித்தது. கடைசியில் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். செய்தி வந்ததும் நத்தாலியா குதித்தாள், லூர்தஸ் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், இவளுக்கும் தாங்கவில்லை என்று நினைத்து ஜோவாக்கிம் அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பால் கறக்கப் போனார்.

மறு வாரமே லூர்தஸ் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாஷிங் மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைத் துணியைத் தனியாகப் போட வேண்டுமாம், சாணி அப்பின கால்சட்டையை முதலில் அலச வேண்டுமாம். அதுவரைக்கும் துவைப்பது நத்தாலியாவின் வேலை. அவள்தான் போகப்போகிறாளே, நியாயம்தான் என்று அவரும் மண்டையை ஆட்டிக் கற்றுக்கொண்டார்.

காலைக் கறவையை முடித்துவிட்டு மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து புறப்பட்டார்கள். மாலைக் கறவைக்குள் அவர் திரும்பியாக வேண்டும். கலிஃபோர்னியாவின் காய்ந்த பள்ளத்தாக்கைத் தாண்டும்வரை தீவன விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் ம் கூடக் கொட்டவில்லை.

ஊர் நெருங்கியதும் உப்புக்காற்று அடித்தது. போர்ச்சுகலின் அஸோர்ஸ் தீவிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த லூர்தஸ் ஜன்னலை இறக்கி மூச்சை இழுத்தாள். அவள் அக்கா இருப்பதும் இந்த ஊரில்தான். கொஞ்சம் நிறுத்து, கடலை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கேட்டாள். மாடு காத்துக்கொண்டிருக்குமா, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் ஜோவாக்கிம். கல்யாணமான நாளாக அவர் சொல்லிவரும் பதில்தான் அது. அவள் ஜன்னலை ஏற்றிவிட்டாள்.

மெத்தை, மேஜை விளக்கு, புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாக விடுதி மாடிக்குச் சுமந்தார்கள். விடைபெறும்போது நத்தாலியா அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கப்பா, உடம்பைப் பார்த்துக்கோங்கப்பா என்று அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சொன்னாள். அப்போதும் அவர் கண் நனையவில்லை.

படியிறங்கும்போது மனசைத் தேற்றிக்கொண்டார். போகட்டும், லூர்தஸ் இருக்கிறாள். இனி மேஜையில் இரண்டே பேர்தான், இவளிடம் நாலு வார்த்தை பேசிப் பழக வேண்டியதுதான்.

வண்டியின் பின்புறம் ஒரு பெட்டி மட்டும் இறக்காமல் கிடந்தது. பிள்ளை மறந்துவிட்டாள் போல என்று அவர் கையை நீட்டுவதற்குள் லூர்தஸ் அதைத் தானே இறக்கித் தரையில் வைத்தாள். அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"ஏறு லூர்தஸ், கறவைக்கு நேரமாச்சு."

"நீ கிளம்பு. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"சரி, ரெண்டு நாள் இருந்துட்டு வா. என்னிக்குக் கூட்டிப்போக வரட்டும்?"

லூர்தஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"வர வேணாம் ஜோவாக்கிம். பொண்ணு கிளம்பட்டும்னுதான் ரெண்டு வருஷமா நானும் காத்துக்கிட்டிருந்தேன்."