முந்நூறாவது அடுக்கு

செம்மொழி அந்த நெல் நாற்றின் வேரை மருந்தில் ஊறவைத்துக் கண்ணாடி போலத் தெளியவைத்திருந்தாள். நன்னிலத்தில் அவள் அப்பா சாமிதுரையின் நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வந்த நாற்று. தஞ்சாவூர் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த மைக்ராஸ்கோப், வேரை வெட்டாமலேயே வெளிச்சத்தைப் பாய்ச்சி முந்நூறு அடுக்குகளாகப் படமெடுக்கும்.

திங்கட்கிழமை நாற்பதாவது அடுக்கில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அது நூற்றுப்பத்தாவது அடுக்கில் இருந்தது. புதன்கிழமை இருநூற்றுப் பதினைந்து. மருந்தில் ஊறிச் செத்த வேருக்குள் எதுவும் நகராது. இருந்தாலும், ‘கீழே இறங்குகிறது’ என்று நோட்டில் எழுதிவைத்தாள். வியாழக்கிழமை இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

வெள்ளிக்கிழமை காலை விஞ்ஞானி ஸ்ம்ருதி நோட்டைப் புரட்டினார்.

“கீழே இறங்குதுன்னு எப்படிச் சொல்ற?”

“நம்பர் ஏறுதே மேடம். பழைய மிஷின் மேலேர்ந்துதானே எண்ணும்?”

“இது அடியிலேர்ந்து எண்ணும். முந்நூறுங்கறது மேல, மூடியிருக்கற கண்ணாடியை ஒட்டினாப்ல.”

மறுபடி படமெடுத்தார்கள். முந்நூறு அடுக்குகளில் எதிலும் புள்ளி இல்லை.

செம்மொழி ஸ்லைடை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தாள். வேரை மூடியிருந்த மெல்லிய கண்ணாடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. தடவியபோது அதன் கூர் விளிம்பு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. அப்பா.

“நாத்து பறிச்சாச்சும்மா. பன்னெண்டு பேரு நடவுக்கு இறங்கிட்டாங்க.”

“பின்னால என்னப்பா சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. கட்டி வச்ச நாத்து முடியைப் பிரிச்சா கையில சுருக்குனு ஏதோ குத்துதாம். எல்லாருக்குமே.”