சுல்தான் குடித்த புளி சர்பத்

கெய்ரோவின் பழைய கடைவீதியில் நடந்தபடியே நடத்தும் தேர்வு அது. சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்காக நெர்மின் மூன்றாம் முறையாக வந்திருந்தாள். இதிலும் தவறினால் இனி வாய்ப்பில்லை. கோட்டை வாசல், மசூதி, அவரைவடைக் கடை என்று இதுவரை எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

புளி சர்பத் கடை முன்னால் தேர்வு அதிகாரி வக்தி நின்றார்.

"கடைசிக் கேள்வி. மாறுவேஷத்துல வந்த சுல்தான் இந்தக் கடையில எத்தனை கோப்பை குடிச்சார்?"

நெர்மினின் பார்வை கடைக்குள் ஓடியது.

"என்னம்மா, கழுதை வண்டிக்காரனைக் கேட்டாக்கூடச் சொல்லுவானே."

"இது நிஜமாவே வரலாறுதானா, சார்?"

"பாடப் புத்தகத்துலயே போட்டிருக்கு. கேள்வி கேக்கறது நானா, நீயா? ஒரு நிமிஷம் தரேன்."

கடைக்காரர் ஷுக்ரி எட்டிப் பார்த்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார்.

"ஏழு, சார்."

"பாஸ். இதுக்கா இவ்வளவு யோசனை?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வக்தி நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் ஷுக்ரி ஒரு சர்பத்தை நீட்டினார். "நீ கட்டிவிட்ட கதைன்னு உண்மையச் சொல்லிடுவியோன்னு பயந்தே போனேன்."

"சொன்னா, மூணு வருஷமா உரிமம் இல்லாம ஊர் சுத்திக் காட்டினது தெரிஞ்சிடுமே, சாச்சா."

"அது சரி, அந்தக் கதைய முதல்ல சொன்ன அன்னைக்கு ஏன் ஏழுன்னு சொன்னே?"

"நான் கூட்டிட்டு வந்தவங்க ஏழு பேர். ஆளுக்கு ஒண்ணு விக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."