மூடியாச்சு

ரசாயன ஆலை திருட்டுத்தனமாகக் கக்கும் நச்சுப்புகையை, அரசாங்க வெப்சைட்டில் எல்லோரும் பார்க்கக்கூடிய காற்றுமாசு அளவுகளை வைத்தே நிருபர் புட்டுப்புட்டு வைத்திருந்தார். செய்தி வெளியான அன்று மாலையே ஆசிரியர் அவர் மேஜைக்கு வந்தார்.

"கைமேல பலன்யா. மூடிட்டாங்க."

நிருபருக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஆலைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, மூடிட்டாங்களாம். ஜன்னலைத் தாராளமாத் திற. இனிமே பாப்பாவுக்கு மூச்சு இழுக்காது."

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே இருமல்.

"புகை அப்படியேதான்டா வருது."

நிருபர் போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். "சார், எதை மூடினாங்க?"

"அந்த வெப்சைட்டைத்தான்."

மறுமுனையில் இப்போது பாப்பாவும் இருமினாள்.

"ஜன்னலை மூடிடு அக்கா," என்றார் நிருபர் போனில்.