பக்கத்துல இருக்கேன்

சென்னீர்குப்பம் உதவி மையத்தில் சமூகப் பணியாளர் வேலைக்கு நேர்காணல். வாசல் பெஞ்சில் காத்திருந்த சுகந்தியிடம், பக்கத்தில் இருந்த வேம்புலியம்மாள் ஒரு பாரத்தை நீட்டினாள்.

"ரேஷன் கார்டு மனு. கொஞ்சம் எழுதிக் குடும்மா."

"நீங்களே எழுதுங்கம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"படிச்ச பொண்ணு, நாலு வரி எழுதினா கை தேஞ்சா பூடும்?"

சுகந்தி சிரித்துக்கொண்டே தன் ஹீரோ பேனாவைக் கொடுத்தாள். முணுமுணுத்தபடி எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க, வேம்புலியம்மாளுக்குக் கால் மணி நேரம் ஆனது. மனுவோடு உள்ளே போனாள்.

அடுத்து சுகந்தியை அழைத்தார்கள். நேர்காணல் மேசையின் நடு நாற்காலியில் வேம்புலியம்மாள்.

"இன்னாம்மா முழிக்கிறே? இங்க உதவிக்கு வர்றவங்க ஓட்டுப் போட்டு என்னைத் தலைவியா வச்சிக்கீறாங்க. எங்களுக்கு வேலை செய்ய வர்றவங்கள நாங்கதான் எடுப்போம். உனக்கு முன்னால வந்த ரெண்டு பேரும் பாரத்தைப் புடுங்கி அவங்களே எழுதிட்டாங்க."

வேலையில் சேரும் பாரத்தைச் சுகந்தி பக்கம் தள்ளினாள். சுகந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மொதல்ல என்னம்மா எழுதணும்?"

"நீயே எழுது. நான் பக்கத்துலயே கீறேன்."