ஆரஞ்சுப் புள்ளி

கத்தியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு டெஸ்மண்ட் மரத்தின் பின்னால் பதுங்கினார். ஒற்றையடிப் பாதையில் யாரோ வரும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே வறுத்த மாட்டிறைச்சியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் என்று பார்த்துத்தான் காட்டுக்கு வந்திருந்தார்.

முதலில் நாய் வந்தது. அவர் காலை மோந்து பார்த்து, வாலை ஆட்டிக் காட்டிக்கொடுத்தது.

"வெளிய வா டெஸ்மண்ட், தொப்பை தெரியுது," என்றாள் அடுத்த வீட்டு மோரீன். "கோட்டுக்குள்ள என்ன, கத்தியா? யாரைக் குத்தப் போற? பாதிரியாரையா?"

"காளான் பறிக்க வந்தேன்."

"ஆமா, நீ பறிச்சு, நான் சமைச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேரலாம்."

பேசிக்கொண்டே அவள் மரத்தைப் பார்த்தாள். பட்டையில் பாதி சுரண்டிய ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று இருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஆஷ் மரத்தின் அடியில்தான் அவர் மனைவி ஹிலரியின் சாம்பல் கிடந்தது. கல்லறை வேண்டாம், இந்த மரத்தடி போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், காட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், டெஸ்மண்ட் கொண்டுவந்து கொட்டினார். பிள்ளைகள் இல்லை. பேசுவதற்கு அவருக்கு மிஞ்சியது இந்த மரம் மட்டும்தான்.

இப்போது காட்டுக்கும் நோய் வந்திருந்தது. ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்கின. யார் தலையிலாவது கிளை முறிந்து விழுவதற்குள் வெட்டிவிடுவது என்று முடிவாகி, நாளைக்கு ரம்பக்காரர்கள் வருகிறார்கள். போன வருஷம் சாலையோரத்து மரங்களுக்கும் இதே கதிதான். முதலில் ஆரஞ்சுப் புள்ளி, அப்புறம் ரம்பம்.

அறக்கட்டளையிலிருந்து வந்து புள்ளி வைத்த பெண்ணை அவர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். ஹிலரியின் மரத்தை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். இன்னும் இலை அடர்ந்திருந்த உச்சியைத் தொலைநோக்கியில் பார்த்தாள். கீழே உதிர்ந்து கிடந்த விதைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்த முகத்தோடு புள்ளியை அடித்துவிட்டுப் போனாள். நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்று அவருக்குத் தோன்றியது.

"சுத்தி எத்தனை மரம் நிக்குது மோரீன். ஒண்ணுலயும் புள்ளி இல்ல. இவளை மட்டும் தேடி வந்திருக்கு," என்றார்.

"அதுக்குச் சுரண்டிட்டா ஆச்சா? போய்க் கேளேன். 'இது என் பொண்டாட்டியோட மரம், விட்டுடுங்க'ன்னு ஒரு வார்த்தை. கடிச்சா தின்னுடுவாங்க?"

"அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு..."

"தொந்தரவாம்! ஹிலரி வலியில துடிச்சப்பவும் டாக்டருக்குத் தொந்தரவுன்னுதானே ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருந்தீங்க?"

சொல்லிய பிறகுதான் மோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டெஸ்மண்ட் திரும்பி நின்றார். மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் எதையும் பாக்கல," என்று நாயை இழுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சுரண்டிய இடத்தில் சேற்றைப் பூசினார். மேலே பாசியை அப்பினார். பிறகு கோட்டின் இன்னொரு பையிலிருந்து சாயம் பீய்ச்சும் குப்பியை எடுத்தார். பக்கத்தில் ஓர் இலைகூட இல்லாமல் இன்னோர் ஆஷ் மரம் நின்றது. அதன் பட்டையில் அதே உயரத்தில், அதே அளவில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்றை அடித்தார்.

"மன்னிச்சுக்கோப்பா," என்றார் அதனிடம். "உனக்கு அழ யாரும் இல்லைன்னு நினைக்கிறேன்."

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து ரம்பம் அலறியது. டெஸ்மண்ட் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் போட்டார், ஆறவிட்டார், கொட்டினார், மறுபடி போட்டார். ஒவ்வொரு முறை தரை அதிரும்போதும், அவள் இல்லை, அவள் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஹிலரி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தொலைபேசி மணி அடிக்கும்போதும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சத்தம் ஓய்ந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலியோரம் முழுக்கக் கறுப்புப் பெர்ரிகள் அழுகித் தொங்கின. பாதை வளையும் இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இருக்கக் கூடாத ஆகாயம் இருந்தது.

ஹிலரியின் மரம் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. ரம்பத் தூள் அவளுடைய மண்ணை முழுதாக மூடியிருந்தது. பக்கத்தில், அந்தப் பட்ட மரம் புத்தம்புதிய புள்ளியோடு நிமிர்ந்து நின்றது.

வெட்டுகிறவன் ஒருவன் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தான். "பாத்து வாங்க ஐயா, கால் தடுக்கும். மூஞ்சியே சரியில்லையே, ஒரு வாய் டீ குடிக்கிறீங்களா?"

வாழ்நாளில் முதல் தடவையாக டெஸ்மண்ட் ஓர் அந்நியரிடம் குரலை உயர்த்தினார்.

"இதை ஏன் வெட்டினீங்க? இதுல புள்ளியே இல்லையே!"

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, புரியாமல் அவரைப் பார்த்தான்.

"ரோட்டோரத்துலதான் புள்ளி வெச்சதை வெட்டுவோம். இங்க, புள்ளி இல்லைன்னுதான் ஐயா வெட்டினோம்."